ஊதா முகப்பட்டை

மெரில் ஹாட்லாக் உட்கார்ந்து சாப்பிட்டதை அவர் மனைவி லாரூ ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அது அவர்களுடைய கல்யாண விருந்து. அன்றைக்கும் கேக் வெட்டுவதற்குள் எழுந்துபோய், வெளியே நின்ற வண்டிகளின் டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் வந்த வருஷங்களில் எல்லாம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடியேதான் சாப்பாடு. "நீ எந்தப் பக்கம் போனேன்னு கேக்கவே வேண்டாம், ரொட்டித்தூளைப் பாத்தாப் போதும்" என்பாள் லாரூ.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவர் ஏற்ற வேலையைத்தான் கொடுத்திருந்தார். ஈலி என்ற ஊருக்குத் தெற்கே போகிற மண்சாலைகளைக் கிரேடர் வண்டியால் சமன் செய்கிற வேலை. வண்டிக்குள் ஓர் இருக்கை உண்டு. அதில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிதான் சொகுசாக உட்கார்ந்து போகும். அவர் நின்றபடி, வண்டியின் அடிக்கத்தி கிராவல் சரளையைச் சீவிக்கொண்டு போவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டுவார். மனிதன் நடக்கிற வேகம்தான். காலையில் தெற்கே, சாயங்காலம் வடக்கே. பாதி ஆயுசு அப்படிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில்தான் கஷ்டம். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும் அவர் முழங்கால் ஆட ஆரம்பிக்கும். பெஞ்சே ஆடும். லாரூ ஒரு பார்வை பார்ப்பாள். எழுந்து முன்கூடத்துக்குப் போய்விடுவார். அழுகிற குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இளம் அப்பாக்கள் உலாத்துகிற இடம் அது. கையில் குழந்தை இல்லாமல் உலாத்துகிற ஒரே ஆள் மெரில். கொஞ்ச நாளில் தாய்மார்கள் அதைக் கண்டுகொண்டார்கள். "பிரதர் ஹாட்லாக், எப்படியும் நடக்கத்தானே போறீங்க, இவனையும் தூக்கிட்டு நடங்க" என்று பிள்ளையை அவர் தோளில் சாய்த்துவிட்டு நிம்மதியாக உள்ளே போய் உட்காருவார்கள். எந்தக் குழந்தையும் அவர் தோளில் மூன்று சுற்றுக்கு மேல் அழுததில்லை.

முழங்காலும் தோள்பட்டையும் தேய்ந்துபோனதால் போன வருஷக் கடைசியில் அவரை வேலையிலிருந்து ஓய்வில் அனுப்பினார்கள். வண்டிக் கொட்டகையில் வைத்து மஞ்சள் கிரேடர் படம் போட்ட கேக் வெட்டினார்கள். மெரில் தன் துண்டை நின்றபடி தின்றார். மறுநாள் விடிந்ததும் வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பனிக்காலம் முழுக்க நடந்தார். வசந்தத்தில் பனி கரைந்தபோது வேலி ஓரமாக ஒரு தடம் பதிந்திருந்தது. அதில் புல்லே முளைக்கவில்லை.

"மெரில், அந்தத் தடத்துக்கு ஒரு லோடு கிராவல் அடிச்சு ரோடாவே போட்டுடலாம்" என்றாள் லாரூ.

அவர் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும்தான் லாரூவுக்குப் பயம் வந்தது.

ஜூன் மாதம் ஈலி சந்தைத்திடலில் காட்டுக் குதிரைகளைத் தத்துக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்துப் பண்ணைக்காரர் ரேமன் ஆல்டாபேயும் கூட வந்தார். கடல்கடந்து வந்து குடியேறி ஆட்டுமந்தை வைத்திருந்த பாஸ்க் இனக் குடும்பத்து மனிதர். குரல் பெரிது, மனசும் பெரிது.

இரும்புக் குழாய் அடைப்புகளுக்குள் குதிரைகள் ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளப் பார்த்து வட்டம் வட்டமாகச் சுற்றின. ஒவ்வொன்றின் கழுத்திலும் கயிற்றில் கட்டிய எண் தொங்கியது. மேட்டு நிலத்தில் மேய்ச்சலைவிட வாய்கள் அதிகமாகிவிட்டால் அரசாங்கம் கொஞ்சத்தை வளைத்துக்கொண்டு வந்து இப்படிக் கொடுப்பது வழக்கம். ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் குழாய்களின் மேல் தொற்றிக்கொண்டு நின்றார்கள். யாரோ தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். தொப்பியைத் தூக்கித் தூக்கி வியர்வையைத் துடைத்தபடி ஆண்கள் குளம்பைப் பற்றியும் பல்லைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மெரில் வழக்கம்போல அடைப்புகளைச் சுற்றி நடந்தார். ஒரு வயசுக் குட்டிகள் இருந்த அடைப்பின் முன்னால் மட்டும் நின்றார். அவர் நின்றதை லாரூ தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

"என்ன?"

"அந்தக் கிராவல் நிறக் குட்டியைப் பாரு. நெத்தியில கோணலா வெள்ளை. கிழிஞ்ச காதுக்காரியோட பொண்ணு."

"யாரு கிழிஞ்ச காதுக்காரி?"

"ரோட்டோரம் மேயுமே, அந்தக் கூட்டத்துப் பெரிய குதிரை. போன வசந்தத்துல இது பொறந்தன்னிக்கி நான் அந்த வழியா கிரேடரோட போனேன். கால் நாலும் நாலு பக்கம் போச்சு இதுக்கு. தினம் பாத்தேன். அதுதான் என்னோட கடைசி வசந்தம் அங்கே."

அன்றே குட்டியைத் தத்தெடுக்க எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமே பட்டி கட்டினார்கள். உயரமான குழாய் வேலி, ஒரு கொட்டகை, தண்ணீர்த் தொட்டி. அதிகாரிகள் வந்து பார்த்துச் சரி என்றார்கள். பேச்சுக்கு நடுவே ரேமன் குதிரை ஏற்றுகிற தன் ட்ரெய்லரையும் கொடுத்தார். குட்டியை ஏற்றிக்கொள்ளப் போனபோது, குறுகலான கம்பிச் சந்துக்குள் அதை நிறுத்திவைத்திருந்த பணியாள் கேட்டார்: "முகப்பட்டை போட்டு அனுப்பட்டுமா, சும்மா அனுப்பட்டுமா?"

மூக்கின் மேலும் காதுகளுக்குப் பின்னாலும் சுற்றி வருகிற நைலான் பட்டை அது. பிற்பாடு கயிறு மாட்டிப் பிடிக்க உதவும். லாரூ கடையில் ஊதா நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

"போட்டுடுங்க. கழண்டு விழாம இறுக்கமாப் போடுங்க" என்றார் மெரில்.

"குட்டி வளரும், பெரியவரே. பட்டை வளராது. சீக்கிரம் பழக்கிக் கழட்டிடணும்."

"ஒரு வாரத்துல கழட்டிடறேன்."

எங்கள் பக்கத்தில் பலர் சொல்லியிருக்கிற வார்த்தைதான் அது. சந்துக்குள் கட்டுண்டு நிற்கிறபோது எந்தக் குதிரையும் சாதுவாகத்தான் தெரியும்.

குட்டிக்குக் கிராவல் என்றே பெயர் வைத்தார்கள். பட்டியில் இறங்கிய அன்றே முகப்பட்டையில் பிடிப்பதற்காக மாட்டி அனுப்பியிருந்த கயிற்றைத் தானே மிதித்து அறுத்துக்கொண்டது. பட்டை மட்டும் முகத்தில் மிஞ்சியது. அதைக் கழற்ற யாராவது கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும். மெரில் பட்டிக்குள் கால் வைத்தாலே கிராவல் அந்தக் கோடிக்கு ஓடி, வேலியில் நெஞ்சை இடித்துக்கொண்டு நிற்கும்.

"வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காருய்யா" என்றார் ரேமன். "ஏதாவது புஸ்தகத்தைச் சத்தமாப் படி. குதிரைக்குத் தன்னாலயே ஆசை வந்து பக்கத்துல வரும். என் தங்கச்சி அப்படித்தான் மூணு குதிரையைப் பழக்கினா. சமையல் புஸ்தகத்தைப் படிச்சே பழக்கினா!"

எல்லோரும் செய்கிற முறைதான் அது. மெரிலும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பைபிளின் சங்கீதப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சங்கீதம் முடிவதற்குள் முழங்கால் ஆட ஆரம்பித்துவிட்டது. வாளி கிறீச் கிறீச் என்றது. கிராவல் காதைப் பின்னால் மடக்கியது. எழுந்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஜூலை போயிற்று. ஆகஸ்டில் லாரூ தானே போய் உட்கார்ந்து படித்தாள். அவளுக்குக் கொஞ்சம் பணிந்துவந்தது. குதிரைமசால் தீவனக் கட்டிலிருந்து ஒரு பிடியை அவள் தூக்கிப் போட்டால் தள்ளி நின்று தின்றது. ஆனால் கை நீட்டினால் மறுபடி அந்தக் கோடிதான்.

இதற்கிடையில் நல்ல தீனி வேலை செய்தது. கிராவலின் தோள் உருண்டது. தாடை அகன்றது. ஊதாப் பட்டை முகத்தில் அழுந்த ஆரம்பித்தது. செப்டம்பரில் மூக்கின் மேல் ரோமம் உதிர்ந்து தோல் தெரிந்தது. பிறகு ஈ மொய்த்தது. மெரில் பார்த்துக்கொண்டே நடந்தார். நடக்க நடக்க அந்தப் பட்டை தன் முகத்திலேயே இறுகுவதுபோல இருந்தது. ராத்திரி படுத்தால் கால்கள் போர்வைக்குள் நடந்தன.

கால்நடை மருத்துவர் ஷெல்பி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். இதமான பெண்மணி. ஆனால் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவர்.

"மிஸ்டர் ஹாட்லாக், தோல் வெட்டுப்பட்டிருச்சு. இன்னும் எலும்புக்குப் போகல. திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கலாம். அதுக்கு மேல பொறுக்க முடியாது."

"ஊசித் துப்பாக்கியால மயக்க மருந்து குடுத்தா?" என்று கேட்டாள் லாரூ.

"மருந்து வேலை செய்யறதுக்குள்ள மிரண்டு ஓடும். இவ்வளவு சின்னப் பட்டி. கம்பியில மோதிக் கழுத்தை முறிச்சுக்கிட்டதை நான் பாத்திருக்கேன்."

"அப்ப திங்கக்கிழமை என்ன செய்வீங்க?"

டாக்டர், பக்கத்தில் நின்ற ரேமனைப் பார்த்தார். ரேமன் தொப்பியைக் கழற்றினார். அவர் குரல் முதல்முறையாகச் சின்னதாக வந்தது.

"நானும் என் ஆளுங்களும் கயிறு வீசிப் பிடிச்சுக் கீழே தள்ளி அமுக்கறோம். டாக்டரம்மா அறுத்து எடுத்துடுவாங்க. வேற வழி இல்லப்பா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மனுஷ வாடையே அதுக்கு ஆகாது. அதை உன்கிட்ட மறைச்சு என்ன பண்ண?"

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. தத்தெடுத்து ஒரு வருஷம் முடியற வரைக்கும் இது அரசாங்கத்துக் குதிரைதான். பாத்துக்கற விதத்தை விசாரிக்க ஆள் வந்து என்னைக் கேட்டா, நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். பழகாத குதிரை, முகத்துல புண்ணு. கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"உள்ளதைத்தான் சொல்லணும்" என்றார் மெரில். அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்.

புதன்கிழமை முழுவதும் தன் உடம்போடு சண்டை போட்டார். வாளியில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. ஆண்டவரே, இந்த ஒரு நாளைக்காவது என் காலைக் கட்டிப்போடும் என்று வேண்டினார். கால் ஆடவில்லை. அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, குட்டியையே உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கிராவல் அன்றைக்கு என்றைக்கும் இல்லாத அளவு மிரண்டது. தண்ணீர் குடிக்கக்கூட வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வாளியைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்தார். சங்கீதப் புத்தகத்தை மட்டும் பதமாகக் கம்பத்தின் மேல் வைத்தார். பட்டிக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தார். குட்டியைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, தோல்வியடைந்த மனிதன் நடக்கிற மாதிரி வேலி ஓரமாகச் சுற்றினார்.

லாரூ அடுப்படியில் பீச் பழங்களைத் தோலுரித்துக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலத்துக்கான வேலை. ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கையிலிருந்த பழம் நழுவித் தொட்டியில் விழுந்தது.

மெரிலுக்குப் பின்னால் கிராவல் நடந்துகொண்டிருந்தது.

நெருங்கி இல்லை. ஒரு பிக்கப் வண்டி நீளத்துக்கு இடைவெளி இருக்கும். ஆனால் அவர் திரும்பின இடத்தில் திரும்பியது. அவர் வேகம்தான் அதற்கும் வேகம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ வேலைக்குப் போகிற மாதிரி நடந்தது.

லாரூ கை ஈரத்தோடு ஓடினாள். வேலிக்கு அருகே வந்ததும் சத்தமில்லாமல் கத்துவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மெரில்! நிக்காதே. திரும்பாதே. நடந்துட்டே இரு."

"ஏன், என்ன ஆச்சு?" அவர் நிற்கப் போனார்.

"நிக்காதேன்னு சொல்றேன்ல! அது உன் பின்னாலதான் வருது!"

மெரில் நடந்தார். காது மட்டும் பின்னால் போயிற்று. குளம்புச் சத்தம் கேட்டது. மெதுவாக, சீராக. அவருக்கு அப்போது கிரேடரின் ஞாபகம் வந்தது. படமெடுக்க நின்ற வண்டிகளைக் கண்டால் மேட்டைத் தாண்டி ஓடின குதிரைகள், நிற்காமல் ஊர்ந்துபோன தன் வண்டியைக் கண்டு தலையைக்கூடத் தூக்கியதில்லை. நின்று உற்றுப் பார்க்கிறது எதுவோ அதுதான் பாயப்போகிறது. மேட்டு நிலத்தில் மலைச்சிங்கமும் அப்படித்தான். தான் வாளியில் உட்கார்ந்து செய்ததும் அதுதானே.

"லாரூ" என்றார் நடந்தபடியே. "ஒரு ரொட்டி எடுத்துட்டு வா. நடந்துட்டே தின்னுக்கறேன்."

"இந்த வீட்டுல அது ஒண்ணும் புதுசு இல்லையே" என்றாள் அவள். சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை இடைவெளி குறைந்தது. மத்தியானம் குட்டியின் மூச்சு அவர் முழங்கையில் சூடாகப் பட்டது. சாயங்காலம் அது பக்கத்தில் வந்து தோளோடு தோளாக நடந்தது. சனிக்கிழமை, நடை குலையாமல் கையைத் தூக்கி அதன் கழுத்தில் வைத்தார். தோல் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அடங்கியது. கழுத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து கன்னத்துக்கு என்று கை நகர்ந்தது. ஒரே ஒரு தடவை, முழங்கால் வலி தாங்காமல் நின்றார். நின்றதுதான் தாமதம், கிராவல் துள்ளிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்க அரை நாள் ஆயிற்று.

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் ரேமன் வந்து வேலியில் சாய்ந்து நின்றார்.

"யோவ், நீ நடந்தே அதை டென்வர் பட்டணத்துக்கே கூட்டிட்டுப் போயிடுவ போலிருக்கே. பட்டையோட கொக்கி எங்க இருக்கு?"

"இடது கன்னத்துல. காதுக்குக் கீழ."

"அவிழ்க்க வருதா?"

"தொட்டுப் பாத்தேன். வியர்வையும் புழுதியும் சேந்து பட்டை கட்டையா இறுகிக் கிடக்கு. கொக்கி முள்ளு துளையிலேர்ந்து வெளிய வரணும்னா முதல்ல பட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கி இழுக்கணும்."

"புண்ணு மேலயேவா?"

"ஆமா."

ரேமன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கத்தியால அறுத்துட்டா?"

"கண்ணுக்கு அவ்வளவு பக்கத்துலயா? அது ஒரு தடவை தலையை ஆட்டினாப் போதும்."

"சரி. திங்கக்கிழமை காலையில வர்றேன். வர வேண்டியதில்லன்னா ரொம்ப சந்தோஷம்." தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெரில் உள்ளே உட்காரவே இல்லை. முன்கூடத்தில் ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்குப் பல் முளைக்கிற நேரம். வீறிட்டு அழுதது. நடந்தபடியே அதன் முதுகைத் தட்டினார். அது இன்னும் கொஞ்சம் ஓங்கி அழுது, கடைசியில் ஒரு பெரிய விம்மலோடு அவர் சட்டையில் முகத்தைப் புதைத்தது. வலி போகவில்லை. ஆனாலும் சாய்ந்துகொண்டது. மெரில் அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் இரண்டு சுற்று நடந்தார். பிஷப் கார்வர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"பிரதர் ஹாட்லாக், உள்ள எல்லாரும் உங்க குட்டிக்காக ஜெபம் பண்ணியிருக்காங்க."

"நன்றி பிஷப். பிள்ளையை யாராவது வாங்கிக்கச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போகணும்."

லாரூ பாட்டு முடியும்வரை காத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். வீட்டில் இறங்கியதும் அவர் உடைகூட மாற்றாமல், வெள்ளைச் சட்டையும் டையுமாகப் பட்டிக்குள் போனார்.

"டையையாவது கழட்டு" என்றாள் லாரூ.

"இன்னிக்குக் கழட்ட வேண்டியது அது இல்ல."

நடக்க ஆரம்பித்தார். வெயில் இளசாக இருந்தது. மலைப்பக்கத்திலிருந்து ஜூனிபர் வாசனையோடு காற்று வந்தது. முதல் சுற்றில் கிராவல் தூரத்திலிருந்தே வேடிக்கை பார்த்தது. இரண்டாவது சுற்றில் பின்னால் வந்தது. எத்தனை சுற்று என்று லாரூ எண்ணவில்லை. கம்பத்தின் மேல் கைகளை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தாள்.

குட்டி பக்கத்தில் வந்து தோளோடு சேர்ந்தது. மெரில் அதன் இடது பக்கமாகப் போய்க் கையைக் கன்னத்தில் வைத்தார். பட்டையின் நுனி விரலுக்கு அகப்பட்டது. நடந்தார். முழங்கால் உள்ளே எரிந்தது. பட்டையை இழுத்தார்.

கிராவல் தலையைத் தூக்கியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. வலியில் ஓர் உறுமல் போட்டது. ஆனால் அவர் நடை நிற்கவில்லை, அதன் நடையும் நிற்கவில்லை. "தெரியும் தெரியும் தெரியும்" என்று முணுமுணுத்தார். முன்கூடத்துக் குழந்தைகளிடம் அவர் சொல்வது அதுதான். விட்டார். இன்னும் அரைச் சுற்று சும்மா நடந்தார். மறுபடி இழுத்தார். முள் அசையவில்லை. பட்டைக்குக் கீழே ஈரம் கசிந்து விரலில் ஒட்டியது. கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது. வேலி மூலையில் திரும்ப வேண்டிய இடத்தில் கால் இடறியது. விழப்போனவர் குட்டியின் கழுத்திலேயே சாய்ந்து சமாளித்தார். அவருடைய முழுப் பாரமும் ஒரு கணம் அதன் மேல் இருந்தது. அது வேகத்தைக் குறைத்தது. ஆனால் நிற்கவில்லை. அவரைத் தாங்கிக்கொண்டே நடந்தது.

அந்த நடையிலேயே மூன்றாவது முறையாக இழுத்தார். முள் துளையிலிருந்து வெளியே வந்தது.

பட்டை உடனே விழவில்லை. புண்ணில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால், ஓர் அடி எடுத்துவைத்தால் ஒரு நூல் அளவு என்று பிரித்து எடுத்தார். மூக்கின் மேல் சிவப்பாக ஒரு வளையம் தெரிந்தது. கிராவல் ஒரு நீண்ட தும்மல் போட்டது. தலையைக் குலுக்கியது. குலுக்கியபடியே நடந்தது.

மெரில் நிற்காமல், வேலி ஓரமாகப் போகிறபோது ஊதாப் பட்டையை லாரூவிடம் எறிந்தார். அவள் மார்போடு சேர்த்துப் பிடித்தாள். சீழும் ரத்தமும் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடையில் பட்டன.

"நின்னுடு மெரில். போதும், நின்னுடு! கால் என்னத்துக்கு ஆகும்?"

"இப்ப நின்னா, ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு அது நினைச்சுக்கும்" என்றார். அவர் முகம் நனைந்திருந்தது. "இன்னும் ஒரே ஒரு சுற்று."

"நீ சொல்ற ஒரு சுற்றை எனக்குத் தெரியும்."

மூக்கில் தடவ டாக்டர் கொடுத்திருந்த மருந்து வீட்டுக்குள் இருந்தது. ரேமனுக்குச் செய்தி சொல்ல வேண்டும், நாளைக்குக் கயிறு வேண்டாம் என்று. அடுப்பில் உருளைக்கிழங்கும் பன்றித் தொடைக்கறியும் ஆறிக்கொண்டிருந்தன. லாரூ எல்லாவற்றையும் நினைத்தாள். நினைத்துவிட்டு, பட்டையைக் கம்பத்தில் மாட்டினாள். வாசலைத் திறந்து உள்ளே வந்தாள். கோயிலுக்குப் போட்டுப்போன செருப்போடு மண்ணில் இறங்கி, அவருடைய மறுபக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். குட்டி ஒருமுறை எட்டிப் பார்த்தது. அவள் நிற்கவில்லை. அதுவும் நிற்கவில்லை.

"மெதுவாப் போ" என்றாள் லாரூ. "உங்க ரெண்டு பேர் வேகத்துக்கு என்னால வர முடியாது."

மெரில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.